பார்க்காமல் உருக்க விடமாட்டேன்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்கள் இழுத்துவிட்டேன். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் விரதம் தொடங்கும்போது, இந்தத் தடவை எழுதிவிட வேண்டும் என்று முருகனிடம் சொல்வேன். விரதம் முடிந்து பால்குடத்தைக் கழுவிக் கவிழ்த்து வைக்கும்போது, யாருக்கு வேண்டும் இந்தப் பேச்சு என்று விட்டுவிடுவேன். உயர்நிலை இரண்டோடு படிப்பை நிறுத்தியவள் நான். பிழை வரும் என்ற கூச்சம் கொஞ்சம் உண்டு. ஆனால் தயங்கியதற்குக் காரணம் அது இல்லை.

என்னைப் பற்றி இரண்டு கதைகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. கோயில் பக்கம் கேட்டால், சாமிக்குப் போக வேண்டிய வெள்ளியைத் தடுத்தவள் என்பார்கள். பழைய நாணயம் சேர்ப்பவர்கள் பக்கம் கேட்டால், இரண்டாயிரம் வருடத்துக் காசைக் கண்ணெதிரே உருக்க விட்டவள் என்பார்கள். ஒருத்தியே இரண்டையும் எப்படிச் செய்திருக்க முடியும் என்று யாரும் கேட்டதில்லை. நானே சொல்கிறேன், செய்தேன். இரண்டையும் ஒரே மதியத்தில் செய்தேன். எதற்கும் மன்னிப்புக் கேட்க நான் இதை எழுதவில்லை.

பழங்காசுக் கடைகளில் இப்போது புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். எடை போடுவதும் லென்ஸ் பிடிப்பதும் உங்களுக்கு யாராவது சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். இரும்புப் பெட்டிச் சாவி உங்கள் கையில் இருக்கும்போது, கேட்டுப் பெற உரிமை உள்ளவர் எதிரில் நிற்கும்போது, "தரமாட்டேன்" என்று எப்போது சொல்லலாம் என்பதை யாரும் சொல்லித் தரமாட்டார்கள். எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை.

நான் வேலை செய்த கடை சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு பழைய கட்டடத்தில், மாடியில் இருந்தது. கீழே பூக்கடை, பக்கத்தில் கைப்பேசி பழுது பார்க்கும் கடை. முதலாளி தமிழ் முஸ்லிம். நாங்கள் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவர் பெயரை எழுத வேண்டாம் என்று அவர் வீட்டார் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. தூசி தட்டத்தான் என்னை வேலைக்கு எடுத்தார். போகப் போக மேசையில் உட்கார வைத்தார். ஆயுத பூஜை அன்று தராசுக்கும் இரும்புப் பெட்டிக்கும் நான் சந்தனம் குங்குமம் வைப்பேன். பாய் ஒன்றும் சொல்ல மாட்டார், பொரிகடலைக்குக் கை நீட்டுவார். காசுகளுக்கு மட்டும் பொட்டு வைக்க விடமாட்டார்.

"அது மேல உக்காந்திருக்கற அழுக்குக்கே ரெண்டாயிரம் வயசு செல்வி. அதைப் போய் நீ குளிப்பாட்டாத."

நாங்கள் அதிகம் விற்றவை கிரேக்க, ரோமானியக் காசுகள்தான். எல்லாம் ஐரோப்பாவிலிருந்து முறையான ரசீதோடு வந்தவை. அவற்றைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் நடத்தப் போவதில்லை. ஒன்றைச் சொல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது என்பதால் அதை மட்டும் சொல்கிறேன். அந்தக் காலத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து, இரும்பிலோ வெண்கலத்திலோ உருவத்தைக் குழிவாகக் கையால் வெட்டுவான். அதுதான் அச்சு. வெள்ளி வில்லையை இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்துச் சம்மட்டியால் அடிப்பார்கள். அச்சு தேய்ந்துவிட்டால் இன்னொருவன் இன்னொன்றை வெட்டுவான். அவன் கை வேறு, இவன் கை வேறு. அதனால் ஒரே ராஜா, ஒரே எழுத்து, ஒரே உருவம் என்றாலும் மூக்கு நீளும், கிரீடத்து இலை குறையும்.

ஒரு தடவை ஒரு பையன் கிரேக்கர்களின் ஆந்தைக் காசு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, மறு கையில் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு, "ஆன்ட்டி, போட்டோல இருக்கற ஆந்தை வேற மாதிரி இருக்கு லா. இது டூப்ளிகேட்டா?" என்று கேட்டான்.

"தம்பி, உங்க ஐசி கார்டுல இருக்கற மூஞ்சியும் இந்த மூஞ்சியும் ஒண்ணாவா இருக்கு?"

பாய் உள்ளேயிருந்து சிரித்தது கேட்டது. பையனும் சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டு போனான். இரண்டு காசுகள் கீறல் உட்பட ஒரே மாதிரி இருந்தால்தான் போலியோ என்று சந்தேகப்படுவோம். வித்தியாசமாக இருந்தால் நிம்மதி.

இனி நான் சொல்ல வந்த ஆளுக்கு வருகிறேன்.

மார்சிலிங்கிலிருந்து ஒருவர் மாதம் தவறாமல் வருவார். மர வேலைக்காரர். ஒரு நாற்காலிப் பட்டறையில் கடைசல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார். அவர் வாங்கியது ஒரே ஒரு வகைக் காசுதான். ரோமானிய வெள்ளிக் காசு, நம் சிங்கப்பூர்ப் பத்துக் காசு அளவு. ஒரு பக்கம் ராஜா தலை. மறு பக்கம் ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள், ஒரு கையில் கோல், மறு கையில் கிளை. ராஜாவின் தாய் என்பார்கள் சிலர், அமைதித் தெய்வம் என்பார்கள் சிலர். நம் மிளகுக்கு விலையாகத் தமிழ்நாட்டுக் கரைக்குக் கப்பல் கப்பலாக வந்த காசு அந்த வகைதான் என்று பாய் சொல்வார்.

மற்றவர்கள் ராஜாவுக்கு ஒன்று என்று சேர்ப்பார்கள். இவர் அதே காசைத் திரும்பத் திரும்ப வாங்குவார். வாங்கும்போது ராஜா பக்கம் திருப்பவே மாட்டார். லென்ஸை வைத்து அந்தப் பெண் இருக்கும் பக்கத்தின் அடிப்பாகத்தைத்தான் பார்ப்பார். சில அச்சுகளில் நாற்காலிக் கால் வெறும் குச்சியாக இருக்கும். சிலவற்றில் குண்டும் வளையமுமாகக் கடைந்தது போல இருக்கும். சிலவற்றில் அவள் பாதம் தரையில் இருக்கும், சிலவற்றில் சிறு பலகை மேல் இருக்கும். "கால் நல்லா இருக்கும்மா" என்பார், பணம் கொடுப்பார், போவார். எங்களுக்குள் அவருக்கு நாற்காலிக்காரர் என்று பெயர் வைத்திருந்தோம்.

அவர் மாரடைப்பில் இறந்துபோனார். வருடத் திதி முடிந்த பிறகு அவர் மனைவி சரோஜா அக்கா ஒரு தட்டு நிறையக் காசுகளைக் கொண்டுவந்து, என்ன பெறும் என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று பாயிடம் ஒப்படைத்தார். பாய் எண்ணி, ரசீது போட்டுக் கொடுத்து, பெட்டியில் வைத்தார். கண்புரை அறுவை முடிந்ததும் நல்ல கண்ணோடு உட்கார்ந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

அறுவை நடந்த அன்றுதான் அது நடந்தது. பாய் மருத்துவமனையில் கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தார். கடையில் நான் மட்டும். தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருந்த நேரம். காலையில் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் கடை திறந்திருந்தேன், நெற்றியில் திருநீறு கூடக் கலையவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் சரோஜா அக்கா வந்தார். கூடவே அவர் மகன் பிரகாஷ், உட்லண்ட்ஸில் குடியிருப்பவன்.

அக்கா கையில் ஒரு தட்டு. தட்டில் வெற்றிலை, ஒரு மஞ்சள் துணி. துணி ஓரத்தில் ஒரு காசு முடிந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, நிறைவேற்றாத வேண்டுதல் என்று.

"காசைக் கொடுத்திரு செல்வி. விக்கல. வேல் செய்யப் போறோம்."

"வேலா?"

பிரகாஷ்தான் விளக்கினான். அப்பாவுக்கு முதல் தடவை நெஞ்சு வலி வந்து மருத்துவமனையில் கிடந்தபோது, பிழைத்து வந்தால் வெள்ளி வேல் சாத்துகிறேன் என்று அம்மா வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்திருக்கிறார். அப்பா பிழைத்து வந்தார். வேல் தள்ளிப்போனது. அடுத்த வருடம் அப்பா போய்விட்டார். இப்போது அவன் மனைவிக்கு மாதம் ஏறிக்கொண்டிருக்கிறது, பாக்கி வைத்த வேண்டுதலோடு குழந்தை பிறக்கக் கூடாது என்று அம்மாவுக்குப் பயம்.

"பத்தர் பட்டறையில அடுப்பு மூட்டிட்டு உக்காந்திருக்காரு ஆன்ட்டி. இன்னைக்கு உருக்கினாத்தான் பூசத்துக்கு வேல் ரெடியாகும்."

"வெள்ளி வேற வாங்கிச் செய்யலாமேப்பா."

"நான் சொல்லலையா? வாங்கித் தரேன்னேன். அம்மா கேக்கல."

சரோஜா அக்கா தட்டை மேசை மேல் வைத்தார். "அவரு உசுருக்குத்தானே வேண்டிக்கிட்டேன். அவரு எது மேல உசுரை வெச்சிருந்தாரோ அதைத்தான் கொடுக்கணும். கடையில வாங்கின வெள்ளிய முருகன் என்ன பண்ணுவான்?"

பிள்ளைகளே, நானும் முருகனுக்கு வேண்டிக்கொண்டு மொட்டை போட்டவள். அவர் சொன்னது சரி என்று என் நெஞ்சு சொன்னது. சாமி காரியத்துக்குக் குறுக்கே நிற்பவளுக்கு நல்ல கதி கிடையாது என்று கேட்டு வளர்ந்தவள் நான். பொருளும் அவர்களுடையது, ரசீதும் அவர் கைப்பையில் இருக்கிறது. பெட்டியைத் திறந்து கொடுக்க வேண்டியதுதான் முறை. சாவி என் இடுப்பில் இருந்தது, கையும் அங்கே போய்விட்டது.

அப்போது சரோஜா அக்கா ஒரு வார்த்தை சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார்.

"உருகட்டும். அந்தச் சிறுக்கி மூஞ்சிய லென்ஸ் வெச்சு லென்ஸ் வெச்சுப் பார்த்தாரே. இத்தனை வருஷக் குடித்தனத்துல என் மூஞ்சிய ஒரு நாள் அப்படிப் பார்த்திருப்பாரா?"

"அம்மா!" என்றான் பிரகாஷ்.

"என்னடா அம்மா? நான் சோறு போட்டு வெச்சிட்டுக் காத்திருப்பேன். அவரு அவகூட உக்காந்திருப்பாரு."

என் கை சாவியிலிருந்து இறங்கிவிட்டது. எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: கொடுக்கப் போவது என்னவென்று அந்த அம்மா ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. கோபத்தை மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுவந்திருக்கிறார். வேண்டுதல் பொய் என்று நான் சொல்லவில்லை. இரண்டும் ஒன்றாகக் கலந்து கிடந்தன.

"அக்கா, நான் தரமாட்டேன்," என்றேன்.

பிரகாஷ் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "என்ன தரமாட்டீங்க? இது உங்க காசா?"

"இல்லப்பா. உங்க அம்மாவோடது."

"அப்புறம்? கமிஷன் போயிடும்னு பாக்குறீங்களா?"

"ஒரு காசு கமிஷன் வேணாம். பாயும் கேக்க மாட்டாரு."

"போலீஸைக் கூப்பிடட்டுமா?"

"கூப்பிடுப்பா. அவங்க வந்து சேர்றதுக்குள்ள அம்மா பார்த்து முடிச்சிருவாங்க."

"என்னத்தைப் பார்க்கறது?" என்றார் சரோஜா அக்கா.

நான் லென்ஸை எடுத்து மேசை மேல் வைத்தேன். "அக்கா, சாமிக்கு ஒரு வாழைப்பழம் வெச்சாக்கூட அழுகலா நல்லதான்னு திருப்பிப் பார்த்துத்தானே வெப்போம்? நீங்க இந்தக் காசு ஒண்ணைக்கூடப் பார்க்கல. என்ன கொடுக்கறோம்னு தெரியாம கொடுத்தா அது காணிக்கை இல்லக்கா, வேணாம்னு கழிச்சு விடறது. முருகன் என்ன குப்பைத் தொட்டியா? ஒவ்வொரு காசா லென்ஸ்ல பாருங்க. பார்த்துட்டு, இது போகட்டும்னு உங்க கையால எடுத்து மஞ்சத் துணியில வைங்க. எல்லாத்தையும் வெச்சாலும் சரி, நான் வாயைத் திறக்க மாட்டேன். பார்க்காம உருக்க மட்டும் விடமாட்டேன்."

சொல்லிவிட்டு முருகா என்று மனதுக்குள் கூப்பிட்டேன். நான் தப்பு என்றால் இந்த இடத்திலேயே என்னைக் காட்டிக்கொடு என்று சொன்னேன்.

சரோஜா அக்கா என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கொண்டா. எத்தனை நேரம் ஆயிடும்?"

நான் பெட்டியைத் திறந்து தட்டை எடுத்து வைத்தேன். விளக்கைக் கிட்டே இழுத்து, லென்ஸை அவர் கண்ணோரம் பிடித்துக் காட்டினேன். முதல் காசைப் பார்த்தார், "ம்" என்று மஞ்சள் துணியில் போட்டார். இரண்டாவதும் அப்படியே. ராஜா பக்கத்தை ஒரு தடவை திருப்பி, "இவன் யாரு, பல்லு வலிக்காரன் மாதிரி" என்றார். பிரகாஷின் கைப்பேசி அடித்தது. பத்தர்தான். "வந்துட்டோம் அண்ணே, பக்கத்துலதான் இருக்கோம்" என்று வாசல் பக்கம் போய்ப் பேசினான்.

நாலைந்து காசுகள் போயிருக்கும். அக்கா ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுத் துணியில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"செல்வி, இவ காலை எது மேல வெச்சிருக்கா?"

"பலகை மேலக்கா. சிலதுல பலகை இருக்கும், சிலதுல தரையிலயே வெச்சிருப்பா. அச்சு வெட்டினவன் இஷ்டம்."

அவர் துணியில் போட்டிருந்த காசுகளைத் திரும்ப எடுத்தார். ஒவ்வொன்றாக லென்ஸுக்குக் கீழே வைத்தார். இப்போது அவர் பார்த்தது முகத்தை இல்லை.

"குண்டு, வளையம், குண்டு," என்றார். "இதுல வெறும் குச்சி. இதுல மேல மட்டும் குண்டு." காசிலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு, "டேய் பிரகாஷ், நம்ம வீட்டு நாற்காலிக் கால் எப்படிடா இருக்கும்?"

"எந்த நாற்காலிம்மா?"

"நான் உக்கார்ற நாற்காலிடா!"

எனக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நான் எல்லாம் தெரிந்து திட்டம் போட்டேன் என்றும் ஒரு கதை இருக்கிறது. அவர்கள் வீட்டுக்கு நான் போனதே கிடையாது. அந்தக் கடைசல்காரர் வீட்டில் மனைவிக்கு ஒரு நாற்காலி செய்து போட்டிருந்தார் என்பதே சரோஜா அக்கா வாயால் அன்றுதான் கேட்டேன்.

"காலை மாத்திக்கிட்டே இருப்பாரு செல்வி. நாற்காலி ஆடுதும்பாரு. ஆடவே ஆடாது. நான் நல்லாத்தானே உக்காந்திருக்கேன்னு கத்துவேன். கழட்டி எடுத்துட்டுப் போயிடுவாரு பட்டறைக்கு. புதுக் கால் போட்டுக் கொண்டு வருவாரு. வேலையில்லாத ஆளுன்னு திட்டியிருக்கேன். முட்டி ஆபரேஷன் பண்ணிட்டு வந்தப்ப, காலைத் தொங்கப் போடாதன்னு ஒரு பலகை செஞ்சு போட்டாரு..."

பலகை உள்ள காசை மறுபடி லென்ஸுக்குக் கீழே வைத்தார். "இதைப் பார்த்துத்தான் கடைஞ்சிருக்காரு."

பிரகாஷ் வாசலிலிருந்து வந்து என் கையிலிருந்த இன்னொரு லென்ஸை வாங்கினான். அப்பா மாதிரியே குனிந்து பார்த்தான். "ஆன்ட்டி, இந்தக் குச்சிக் கால்... இது நான் ஸ்கூல் போறப்ப இருந்தது. அதுல இடிச்சு என் விரல் நகம் பேர்ந்து போச்சு." கைப்பேசி மறுபடி அடித்தது. பார்க்காமலே நிறுத்தினான்.

நீங்கள் நினைப்பீர்கள், இதோடு கதை முடிந்தது, அக்கா காசுகளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார் என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன். மனதுக்குள் முருகனுக்கு நன்றியும் சொல்லிவிட்டேன். அவசரப்பட்டுவிட்டேன்.

சரோஜா அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு எல்லாக் காசுகளையும் தட்டிலேயே திரும்ப அடுக்கினார். ஒன்றை மட்டும் எடுத்தார். குண்டு, வளையம், குண்டு, பாதத்துக்குக் கீழே பலகை. இப்போது அவர் வீட்டில் இருக்கும் நாற்காலி அது. அதை மஞ்சள் துணியில் வைத்தார்.

"இது போகட்டும்."

எனக்குச் சுரீர் என்றது. அந்தத் தட்டிலேயே தெளிவான காசு அது. அச்சு நடுவில் விழுந்து, தேய்மானமே இல்லாமல், பலகையின் விளிம்பு கூட எண்ணும்படி இருக்கும். அப்படி ஒன்று ஒரு கடைக்காரியின் வாழ்நாளில் எப்போதாவதுதான் கையில் வரும். நான் பக்கத்தில் இருந்த தேய்ந்த காசு ஒன்றை எடுத்து நீட்டினேன். "அக்கா, இதுவும் அவரு வெச்சிருந்ததுதான். இதைப் போடுங்களேன். அதை வீட்டுக்குக் கொண்டு போங்க."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "தேஞ்சதையாடி சாமிக்குக் கொடுப்பாங்க? நீதானே சொன்ன, என்ன கொடுக்கறோம்னு தெரிஞ்சு கொடுக்கணும்னு. இப்பத் தெரியுது. அதான் கொடுக்கறேன்."

என் வார்த்தையை என் முகத்திலேயே திருப்பி வைத்துவிட்டார். வாயைத் திறக்க மாட்டேன் என்று நான்தான் சொல்லியிருந்தேன். திறக்கவில்லை.

"ஒரு காசு வேலுக்குப் பத்தாதேம்மா," என்றான் பிரகாஷ்.

"என் கல்யாணத் தட்டும் குங்குமச் சிமிழும் இருக்குல்ல, போய் எடுத்துட்டு வா. அதோட இதைச் சேர்த்து உருக்கட்டும். அவரு உசுரும் என் வெள்ளியும் ஒண்ணா இருக்கட்டும்."

மீதிக் காசுகளை எண்ணிக் காட்டி, ரசீதைத் திரும்ப வாங்கிக்கொண்டு, தட்டோடு அக்காவிடம் ஒப்படைத்தேன். பிரகாஷ் வீட்டுக்குப் போய் வரும்வரை அவர் கடையிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு நான் கடையை அடைத்துவிட்டு அவர்களோடு பத்தர் பட்டறைக்குப் போனேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நான் தடுத்ததால் நடந்த காரியம், கடைசிவரை நின்று பார்க்க வேண்டியது என் கடமை என்று பட்டது. வெள்ளி உருக்கும் மண் மூசையில் தட்டும் சிமிழும் முதலில் குழைந்தன. கடைசியாகக் காசை அக்காவே தன் கையால் போட்டார். அது சற்று நேரம் அப்படியே மிதந்தது போல இருந்தது. சிவந்தது. எழுத்து போனது, ராஜா தலை எந்தப் பக்கம் என்று தெரியாமல் போனது. அந்தப் பெண்ணும் நாற்காலியும் பலகையும் ஒரு கணம் பளிச்சென்று தெரிந்தன என் கண்ணுக்கு. பிறகு வெறும் ஒளி. நான் கை கூப்பினேன். யாரைக் கும்பிட்டேன் என்று இன்னும் எனக்குத் தெரியாது, முருகனையா, கடைந்தவரையா, அந்த அச்சை வெட்டிய பெயர் தெரியாத ஆளையா.

தைப்பூசத்தன்று அந்த வேல் கோயிலுக்குப் போனதை நான் தூரத்திலிருந்து பார்த்தேன். சின்ன வேல்தான். வெயிலில் நன்றாக மின்னியது.

பாய் கண் கட்டு அவிழ்த்து வந்ததும் நடந்ததைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "நீ செஞ்சது தப்பு செல்வி," என்றார். "அடுத்தவங்க பொருள். கேட்டா கொடுத்துடணும். அவங்க என்ன நினைச்சுக் கொடுக்கறாங்கங்கறது அவங்களுக்கும் அல்லாவுக்கும் நடுவுல உள்ளது. நான் இருந்திருந்தா கொடுத்திருப்பேன்."

"நீங்க இல்லையே பாய்," என்றேன்.

அவர் என் தொழில் தந்தை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் போட்ட பிச்சை. இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் அவர் கண் மூடும்வரை நாங்கள் ஒத்துப்போகவில்லை. அவ்வப்போது டீ குடிக்கும்போது இழுப்பார், "இன்னமும் நீ சரின்னுதான் நினைக்கறியா?" "ஆமா பாய்." "சரி, சர்க்கரை போடு." அவ்வளவுதான்.

கோயிலில் பால்குடம் எடுக்கும் பெண்கள் சிலர் என் பக்கத்தில் நிற்காமல் நகர்ந்தார்கள். மூட்டை வெள்ளி போக வேண்டிய இடத்தில் ஒரு காசு போனதாம், கடைக்காரி மயக்கிவிட்டாளாம். நாணயம் சேர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படித்த தம்பி, பழம்பொருளை அழிக்கத் துணை போனேன் என்று நீளமாக எழுதினார். இரண்டு தரப்புக்கும் என் பதில் ஒன்றுதான். அந்த அம்மா கண்ணைத் திறந்துகொண்டு கொடுத்தார். அதற்கு முன்னால் நான் விடவில்லை. அதற்குப் பின்னால் நான் தடுக்கவில்லை. இரண்டையும் மறுபடி செய்யச் சொன்னாலும் செய்வேன். என்னை விட்டு நகர்ந்து நிற்கும் பெண்கள் நகரட்டும், கோயில் பெரியது.

பிள்ளைகளே, உங்கள் மேசைக்கும் ஒரு நாள் ஒரு தட்டு வரும். உருக்கவோ, கண்ட விலைக்குத் தள்ளிவிடவோ, சண்டையில் பங்கு பிரிக்கவோ கேட்பார்கள். பொருள் அவர்களுடையது, அதை மறக்காதீர்கள். ஆனால் லென்ஸ் உங்களுடையது. ஒரு தடவை பார்க்க வையுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். பார்த்த பிறகு அவர்கள் எடுக்கும் முடிவு உங்கள் வயிற்றை எரித்தாலும், வாயை மூடிக்கொண்டு கை கொடுங்கள். முதல் பாதியை மட்டும் செய்கிறவர் பிடிவாதக்காரர். இரண்டாம் பாதியை மட்டும் செய்கிறவர் எடுபிடி.

மீதிக் காசுகள் இன்று பிரகாஷ் வீட்டில் இருக்கின்றன, விற்பனைக்கு இல்லை. அந்த நாற்காலியும் அங்கேதான். சரோஜா அக்கா இப்போது இல்லை. அவர் பேத்தி அதில் ஏறி நின்று ஜன்னல் வழியே பார்க்கிறாள் என்று கேள்வி.

இதை நீங்கள் அடுத்தவர்களுக்குச் சொன்னால், இருக்கிறபடியே சொல்லுங்கள். நான் எல்லாவற்றையும் காப்பாற்றினேன் என்று மாற்றிச் சொல்பவர்களை எனக்குத் தெரியும், எனக்கு நல்லது செய்வதாக நினைத்துச் சொல்கிறார்கள். வேண்டாம். நம் காசுகளில் அச்சுக்கு அச்சு கால் மாறும், பலகை மாறும், அதுதான் அழகு. இதில் எதையும் மாற்றாதீர்கள். சாமி வெள்ளியை நான் தடுத்ததையும் சொல்லுங்கள். நல்ல காசு ஒன்று உருகியதையும், நான் நின்று பார்த்ததையும் விடாமல் சொல்லுங்கள்.